அண்ணன் வர்றாரு, இலையைப் போடு!

முதலில் கார் டிக்கியைத் திறந்து பார்த்துவிடலாம். ஓர் எம்.எல்.ஏ.வின் முழு வருஷமும் அதற்குள்தான் கிடக்கிறது! ஒரு மூலையில் சால்வைக் கட்டு. பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய மாலைகள். மணமேடைக்கு ஒன்று, துக்க வீட்டுக்கு ஒன்று. இஸ்திரி போட்ட வேட்டி சட்டை மூன்று செட். கோயில் வாசலில் காணாமல் போவதற்கென்றே ஒரு மாற்றுச் செருப்பு. குடை, டார்ச் லைட், வயிற்றுவலி மாத்திரை. அப்புறம் ஒரு கத்தரிக்கோல். திறப்பு விழாக்களில் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிற கத்தரிக்கோல் எந்தக் காலத்திலும் ரிப்பனை வெட்டியதில்லை. விவரமான உதவியாளர் சொந்தமாக ஒன்று எடுத்து வந்துவிடுவார்.

மொய்க் கவர்களை டிக்கியில் தேடாதீர்கள். அவை உதவியாளரின் தோள்பையில் அறை அறையாக இருக்கும். 501 ஒரு அறை, 1,001 ஒரு அறை, 5,001 தனி ஜிப்புக்குள். எந்த வீட்டுக்கு எது என்பதில் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், போன தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவர், உட்காராமல் போனவர் என்று ஏகப்பட்ட கணக்கு உண்டு. கவரை நீட்டும்போது அண்ணனின் கண் கவரில் படக் கூடாது, மாப்பிள்ளை முகத்தில் இருக்க வேண்டும். கேமராக்காரர் "அண்ணே, இன்னொரு தடவை" என்றால் கொடுத்த கவரை மறுபடி பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் இதெல்லாம் வராது.

தமிழ்நாட்டில் மொத்தம் 234 பேர். கோட்டைக்குள் இவர்கள் 'மாண்புமிகு'. தொகுதி எல்லைக்குள் கார் நுழைந்தவுடன் அந்தப் பட்டம் கழன்று விழுந்துவிடும். அங்கே அவர் அண்ணன், கொஞ்சம் நரைத்திருந்தால் அய்யா, பெண்ணாக இருந்தால் அக்கா. அதோடு எல்லா வீட்டுக்கும் தாய்மாமன் வேலை.

சட்டமன்றம் கூடுவது ஆண்டுக்குச் சில பத்து நாள்கள்தான். ஆளுநர் உரை, பட்ஜெட், மானியக் கோரிக்கைகள், பிறகு ஒரு சின்னக் கூட்டத்தொடர். மீதி நாளெல்லாம் ஊர், ஊர், ஊர்தான். அந்த நாள்களை நடத்துவது அரசாங்கக் காலண்டர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பஞ்சாங்கம்தான் நடத்துகிறது! மேடையில் நாத்திகம் பேசுகிறவரின் டைரியில்கூட வளர்பிறை முகூர்த்தமும் தேய்பிறை முகூர்த்தமும் வெவ்வேறு மையில் குறித்திருக்கும். தையும் வைகாசியும் ஆவணியும் வந்தால் தூக்கம் போச்சு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆடியிலும் கிடையாது. வீட்டுச் சாப்பாடு கிடைக்கிற இரண்டு மாதங்கள் அவை.

ஆடியிலும் எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி என்றால் மொய் விருந்து. கிடா வெட்டி, ஊரையே கூப்பிட்டுப் போட்டு, வருகிற மொய்யை நோட்டில் எழுதி வைப்பார்கள். அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட்டியில்லாக் கடன் அது, முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். 2022-இல் பேராவூரணித் தொகுதி உறுப்பினரே இப்படி ஒரு விருந்து வைத்தார். 10 கோடி ரூபாய் அளவுக்கு மொய் விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. பக்கத்துத் தொகுதிக்காரர்கள் அன்றைக்குப் பேப்பரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

சரி, ஒரு பெரிய முகூர்த்த நாளைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பதினைந்து பத்திரிகை. அதிகாலை நாலரைக்கே உதவியாளர் ஒரு வெள்ளைத்தாளில் பாதை போட்டுவிடுவார். ஆறு மணி முகூர்த்தம் கோயிலில், ஏழரை முகூர்த்தம் சமுதாயக் கூடத்தில், ஒன்பது மணிக்கு மேல் டவுன் மண்டபங்கள், பகலுக்குக் காதணி விழா, மாலையில் பூப்புனித நீராட்டு விழா, இரவு வரவேற்பு. இந்த நேர்த்தியான திட்டத்தைக் கலைப்பது எப்போதும் ஒரே ஒரு போன் கால். "அண்ணே, நம்ம கீழத்தெரு பெரியவரு ராத்திரி தவறிட்டாருண்ணே."

உடனே காருக்குள் அவசர ஆலோசனை. துக்க வீட்டுக்குப் போய்விட்டு நேராகக் கல்யாண வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் சுபகாரியங்களை முதலில் முடித்துவிட்டுச் சாவுக்குப் போகலாமா? எடுப்பு எத்தனை மணிக்கு? மூன்று மணிக்கு என்றால் சமாளிக்கலாம். பன்னிரண்டு என்றால் வேறு வழியில்லை; போய் மாலை போட்டு, பெரியவரின் மகன் கையைப் பிடித்து, பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, வழியில் யாராவது தோட்டத்துப் பம்புசெட்டில் தலை முழுகி, டிக்கியிலிருந்து இரண்டாவது செட் வேட்டி எடுத்துக் கட்டி, ஈரத் தலையோடு காதணி விழாவுக்கு ஓட வேண்டும். கல்யாணத்துக்கு வராத எம்.எல்.ஏ.வை ஊர் மன்னித்துவிடும். சாவுக்கு வராதவரை மன்னிக்காது. எந்தக் கட்சியாக இருந்தாலும் இது பால பாடம்.

மண்டபத்தில் அடுத்த கண்டம் சாப்பாடு. "சாப்பிடாமப் போனா எப்படிண்ணே?" என்ற ஒரு கேள்வி ஒரு நாளைக்குப் பதினைந்து முறை. மறுத்தால் கோபம். சாப்பிட்டால் சர்க்கரை. அனுபவஸ்தர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து, கேசரியை விரலால் தொட்டு, பக்கத்து இலைக்காரரின் தோளில் கைபோட்டு, "விதை நெல்லு கிடைச்சுதா மாமா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே எழுந்துவிடுவது. போட்டோவில் இலை இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது!

மணமேடையில் தாலி எடுத்துக் கொடுத்து நடத்தி வைக்கும் கல்யாணங்களில் ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. புரோகிதர் இல்லாமல் உற்றார் உறவினர் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் இதே சட்டமன்றம்தான் சட்டம் இயற்றியது. இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. அண்ணனுக்கு மைக் பிடித்து மணமக்களை வாழ்த்த இடம் கொடுத்தது அவருடைய முன்னோடிகள் போட்ட ஓட்டு. ஆனால் அந்த மைக்கில் அதைச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. "குழந்தைகளுக்கு அழகான தமிழ்ப் பெயர் சூட்டுங்கள்" என்று முடித்துக்கொள்வார்கள். அடுத்த மண்டபம் காத்திருக்கிறதே!

இனி வருஷத்தை வேகமாக ஒரு சுற்றுச் சுற்றுவோம். தையில் சமத்துவப் பொங்கல். பானையில் அரிசி போடும்போது புகை கண்ணில் ஏறினாலும் சிரிக்க வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல் சோதனை வேறு. அங்கே மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்பது காளையை அடக்குவதைவிடச் சிரமமான காரியம். கபடிப் போட்டி என்றால் முதல் பரிசு எம்.எல்.ஏ. உபயம், இறுதி ஆட்டம் இரவு பன்னிரண்டுக்கு மேல். கிரிக்கெட் என்றால் முதல் பந்தை அவர்தான் அடிக்க வேண்டும். பந்து போடும் பையனிடம் யாரோ காதில் சொல்லியிருப்பார்கள்: "மெதுவாப் போடுடா." அந்தப் பந்தும் சில சமயம் ஸ்டம்பில் விழும். அம்பயர் நோ-பால் காட்டிவிடுவார்!

சித்திரை வந்தால் நீர்மோர்ப் பந்தல். தர்பூசணி, வெள்ளரிக்காய், இளநீர் என்று திறப்பு விழாவன்று ஒரே தடபுடல். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனீர்களென்றால் மண்பானை கவிழ்ந்து கிடக்கும், ஃப்ளெக்ஸ் மட்டும் மோர் குடித்த தெம்போடு நிமிர்ந்து நிற்கும். ஃப்ளெக்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையோரப் பேனர் மேலே விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். கல்யாணத்துக்கு வரும் பிரமுகர்களை வரவேற்க வைத்த பேனர் அது. சில மாதம் ஊரெல்லாம் கம்பங்கள் காலியாக நின்றன. பிறகு பழையபடி முளைத்துவிட்டன. 'பேனர் வைத்தால் வரமாட்டேன்' என்று கறாராகச் சொல்லும் உறுப்பினரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஜூனில் பள்ளி திறந்தால் பரிந்துரைக் கடிதக் காலம். கல்லூரி சீட், விடுதி இடம், மாறுதல் உத்தரவு. லெட்டர் பேடு ரீம் கணக்கில் தீரும். கையெழுத்துக்குக் கீழே கோடு இருந்தால் ஓர் அர்த்தம், புள்ளி வைத்தால் வேறு அர்த்தம் என்று அலுவலகங்களில் ஒரு கதை உலவுகிறது. கேட்டால் எல்லா உதவியாளர்களும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். பிளஸ் 1 பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கும் விழாவில் வரிசையாகச் சைக்கிள் நிற்கும், பெரும்பாலும் டயரில் காற்று இருக்காது. அண்ணன் ஒரு சைக்கிளில் ஏறி மிதிப்பது போல போஸ் கொடுத்தாக வேண்டும். காற்றுள்ள சைக்கிள் எது என்பதைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை இரண்டு. ஒன்று, அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு. கர்ப்பிணிப் பெண்கள் மாலையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சந்தனம், வளையல், சீர்வரிசைத் தட்டு, கலவைச் சாதம். அக்கா எம்.எல்.ஏ. என்றால் கூசாமல் கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டு, "எத்தனாவது மாசம்மா, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டு அரட்டையில் இறங்கிவிடுவார். அண்ணன் எம்.எல்.ஏ. ஒரு கை அட்சதையை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் மேடைக்கும் போட்டோகிராபருக்கும் நடுவில் தவிப்பார். இரண்டாவது, மழைக்காலத்து நிலவேம்புக் குடிநீர் முகாம். முதல் டம்ளரை எம்.எல்.ஏ.தான் குடிக்க வேண்டும். நிலவேம்பைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் கேமராவைப் பார்க்க முடிந்த ஒருவர் எந்தத் தேர்தலையும் தாங்குவார்.

சட்டமன்றம் நடக்கும்போது ஊர் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊரும் பஸ் ஏறிவிடும். சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இருக்கும் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் விடிகாலை போய்ப் பாருங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய தொகுதிக்காரர்கள் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள், கையில் மஞ்சள் பையும் அதற்குள் மனுவும். அவையில் அண்ணன் எழுந்து துணைக்கேள்வி கேட்ட ஒன்றரை நிமிஷக் காணொளி அன்று மாலைக்குள் தொகுதியின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் பின்னணி இசையோடு சுற்றும். அமைச்சர் சொன்ன பதிலை மட்டும் வெட்டியிருப்பார்கள்!

இப்போது நிதி. ஒவ்வோர் எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. 2021 தேர்தலில் தமிழகத்தின் வாக்காளர்கள் ஏறத்தாழ 6.28 கோடி. தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 112 ரூபாய்! பிரியாணிகூட வராது. இதிலும் ஒரு பகுதியை அரசு குறிக்கும் வகை வேலைகளுக்குத்தான் ஒதுக்க முடியும். பணம் அவர் கையில் வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், பொறியாளர் மதிப்பீடு போடுவார், ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார், பிறகு டெண்டர். ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது கோயில் சுற்றுச்சுவர். அதற்கு விதியில் இடமில்லை. பேச்சுவார்த்தை நீண்டு, கடைசியில் கோயிலுக்கு எதிரே கலையரங்கம் என்று முடியும். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் நாடக மேடை இருப்பதற்குக் கலைத்தாகம் மட்டும் காரணமில்லை.

பயணியர் நிழற்குடை, நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர விளக்கு, பேவர் பிளாக். பட்டியல் எல்லாத் தொகுதியிலும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் பூமி பூஜை ஒரு தடவை, திறப்பு ஒரு தடவை. கல்வெட்டில் யார் பெயர் எத்தனையாவது வரி என்பதில் கட்டடம் கட்டும் காலத்தைவிட அதிகக் காலம் போகும். தேர்தல் அறிவித்ததும் வருகிற நடத்தை விதி இந்தக் கல்வெட்டுகளையெல்லாம் தாளால் மூடும். எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் பூட்டு, சீல். அஞ்சு வருஷம் கூட்டம் மொய்த்த திண்ணையில் அன்று ஒரு நாய் படுத்திருக்கும்.

மழை மட்டும் போஸ் இல்லாத வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரை உடைப்பெடுத்தால் நள்ளிரவு போன், மணல் மூட்டை, ஜேசிபி, மின்வாரியத்துக்குப் போன், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடத் தலைமையாசிரியருக்குப் போன், விடிவதற்குள் ஐந்நூறு பேருக்கு உப்புமா. முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிய படம் பேப்பரில் வரும்தான். ஆனால் படம் எடுத்தவர் போன பிறகும் தண்ணீரில் நிற்பவர் யார் என்பதை அந்தத் தெரு ஞாபகம் வைத்திருக்கும். விழாக்களைக் கிண்டலடித்த நான், இந்த இரவுகளில் தூங்காத உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெருவில் யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாவுக்கும் சடங்குக்கும் சுற்றிய சுற்றுதான் அப்போது கைகொடுக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம். 2017-இல் எம்.எல்.ஏ. சம்பளம் படிகளோடு சேர்ந்து 55,000-லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு முகூர்த்த நாளில் பதினைந்து கவர், சராசரி 1,001 என்றால் 15,000 காலி. தை மாதத்தில் இப்படி ஏழு நாள் வந்தால் சம்பளம் முடிந்தது. கபடிக் கோப்பை, கோயில் நன்கொடை, டீசல், வாசலில் வந்து நிற்பவர்களுக்கு டீ, ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குப் பஸ் காசு எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. அப்படியானால் மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் அதைக் கேட்பதில்லை. கேட்டால் நாளைக்குக் கவரையும் எதிர்பார்க்க முடியாதே! அண்ணனைக் கெடுத்ததில் நம் வீட்டுப் பந்திக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

வேறு மாதிரியும் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். மதுரை கிழக்குத் தொகுதியில் 2001-லும் 2006-லும் ஜெயித்த மார்க்சிஸ்ட் நன்மாறனிடம் காரே கிடையாது, டிக்கிக்கு எங்கே போவது? ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போய் வந்தார். மேடையில் பேசினால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். 'மேடைக் கலைவாணர்' என்று பெயர். வாடகை வீட்டில் இருந்தவர், அரசின் இலவச வீடு கேட்டு 2021-இல் ஆட்சியரிடம் மனு கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். கனத்த கவர் கொடுத்து அவர் ஜெயிக்கவில்லை. மக்கள் இரண்டு முறை அனுப்பினார்கள்.

உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கப் போகிறீர்களா? முகூர்த்த நாளில் போகாதீர்கள். ஆடியோ மார்கழியோ பார்த்துப் போங்கள், ஆற அமர உட்கார்ந்து கேட்பார். மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஊர், வார்டு, தெரு, உங்கள் கைபேசி எண் தெளிவாக இருக்க வேண்டும். கிராமமாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் போடச் சொல்லி, அதன் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து மகள் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து மனுவை நீட்டாதீர்கள். டைரியில் பத்திரிகைதான் ஏறும்.